தானே கியர் மாற்றும் வண்டிகள்

மோட்டார் வண்டியின் எஞ்சினுக்கு ஒரு பிறவிக் குறை உண்டு. நின்ற நிலையில் அதற்கு எள்ளளவும் வலிமை இல்லை. காளை மாடு அத்தகையதன்று. பாரம் ஏற்றிய வண்டி சேற்றிற் புதைந்து நிற்கும்பொழுதே அது கால்களை ஊன்றிக் கழுத்தைத் தாழ்த்தித் தன் முழு வலிமையையும் நுகத்தடியிற் செலுத்தும். எஞ்சினோ நிமிஷத்துக்கு ஐந்நூறு அறுநூறு முறையேனும் சுழன்றுகொண்டிருந்தாலன்றி அணைந்துபோம்; ஆயிரம், இரண்டாயிரம் முறை சுழலும்பொழுதுதான் அதன் வலிமை வெளிப்படும். சுழன்றுகொண்டிருக்கும் எஞ்சினை நின்றுகொண்டிருக்கும் சக்கரத்தோடு எவ்வாறு இணைப்பது? மோட்டார் வண்டியைச் சமைத்தவர் யாவரும் முதன்முதல் விடை காணவேண்டியிருந்த வினா இதுவே.

பெரும்பாலோர் கண்ட விடை கிளச்சும் கியர்ப் பெட்டியுமாகும். கிளச்சு என்பது ஒன்றோடொன்று உராய்ந்து மெல்ல மெல்லப் பற்றிக்கொள்ளும் தட்டுக்களின் இணைப்பு. கியர்ப் பெட்டியிலுள்ள பற்சக்கரங்கள் எஞ்சினின் வேகத்தைக் குறைத்து, அதற்கு ஈடாக முறுக்கு விசையைப் பெருக்கித் தருவன. இவ்வமைப்பு மலிவானது, உறுதியானது. ஆயினும் அதனை இயக்குதல் ஒரு வித்தை. இடக்கால் கிளச்சை மிதிக்க, வலக்கால் பெட்ரோல் மிதியைத் தளர்த்த, கை கோலை நகர்த்த, காது எஞ்சினின் ஒலியைக் கேட்டுக்கொண்டே இருத்தல் வேண்டும். சிறிது பிசகினும் பற்கள் அரைபட்டு ஓலமிடும். 1928-ஆம் ஆண்டில் காடிலாக் வண்டியில் வெளிவந்த ஸிங்க்ரோமெஷ் என்னும் அமைப்பு, சேரவேண்டிய சக்கரங்களின் சுழற்சியை முன்னரே ஒப்பாக்கி அவ்வோலத்தை அடக்கிற்று. அதனைச் சமைத்தவர் எர்ல் தாம்ஸன் என்பவர். ஓலம் அடங்கிற்றேயன்றி வண்டியோட்டியின் வேலை ஒழியவில்லை.

இவ்வேலையை அறவே ஒழிக்கவேண்டும் என்னும் முனைப்பு பிற நாடுகளினும் அமெரிக்காவிலேயே மிக்கிருந்தது. அங்கு மோட்டார் வண்டி நெடுநாள் செல்வரின் விளையாட்டுப் பொருளாக இருக்கவில்லை. 1908 முதல் 1927 வரை செய்யப்பட்ட ஃபோர்டு டி மாடல் வண்டிகள் மட்டும் ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்டவை. அவ்வண்டியே கியர் மாற்றத்தை எளிதாக்கும் ஒரு முயற்சிதான். அதில் கோள்முறைப் பற்சக்கரத் தொகுதி அமைந்திருந்தது: நடுவில் ஞாயிறு போல ஒரு சக்கரம், அதனைச் சுற்றிக் கோள்கள் போலச் சில சிறு சக்கரங்கள். இத்தகைய தொகுதியில் பற்கள் எப்பொழுதும் ஒன்றோடொன்று கோத்தபடியே இருக்கும். ஓர் உறுப்பை ஒரு பட்டையால் இறுகப் பிடித்து நிறுத்தினால் வேகம் குறையும். தொகுதி முழுவதையும் ஒன்றாகப் பூட்டிவிட்டால் எஞ்சினின் வேகம் அப்படியே செல்லும். டி மாடலில் இடக்கால் மிதியை அழுத்தினால் கீழ்க் கியர், முற்றும் விட்டால் மேற்கியர், நடு மிதியை அழுத்தினால் பின்னோட்டம். கோலை நகர்த்திப் பற்களைக் கோக்கும் தொல்லையே இல்லை. பின்னர் வந்த தானியங்கிக் கியர்ப் பெட்டிகளிற் பெரும்பாலானவற்றுக்கு இத்தொகுதியே அடிப்படை என்பதை நினைவிற்கொள்க.

வினாவிற்கு விடை காண இரு வழிகள் இருந்தன. ஒன்று, எஞ்சினையே மாற்றிக் கியர் வேண்டாதபடி செய்தல். மற்றொன்று, எஞ்சினை அதன் போக்கில் விட்டு, இடையிலுள்ள இணைப்பை மாற்றுதல். முதல் வழியே பழமையானது.

மாஸச்சூஸெட்ஸ் மாகாணத்து நியூட்டன் நகரில் ஸ்டான்லி என்னும் இரட்டைச் சகோதரர் செய்துவந்த நீராவி வண்டிகளில் கிளச்சும் இல்லை, கியரும் இல்லை. நீராவி கொதிகலத்தில் அழுத்தங்கொண்டு காத்திருப்பது. வால்வைத் திறந்த மாத்திரத்தில், சக்கரம் அசையாதிருக்கும்பொழுதே, பிஸ்டனை முழு வலியோடு தள்ளும். காளையின் குணம் அதற்கு உண்டு. இரண்டு ஸிலிண்டர் எஞ்சின் பின்னச்சோடு நேரே இணைக்கப்பட்டிருந்தது. 1906-ஆம் ஆண்டில் ஃபிளாரிடாவின் ஆர்மண்ட் கடற்கரையில் ஃப்ரெட் மேரியட் என்பார் ஸ்டான்லி நீராவி வண்டியொன்றை மணிக்கு 127 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் ஓட்டினார். அக்காலத்தில் பெட்ரோல் வண்டியெதுவும் அவ்வேகத்தைக் கண்டதில்லை. ஆயினும் புறப்படுமுன் கொதிகலத்தைச் சூடேற்றிக் காத்திருத்தல் வேண்டும். வழியில் நீரும் தேடவேண்டும். 1912-ஆம் ஆண்டு மாடல் காடிலாக் வண்டியில் மின்சாரத்தால் எஞ்சினைக் கிளப்பும் அமைப்பு வந்தபின் காத்திருக்க யார் இசைவர்? 1924-ஐ ஒட்டி ஸ்டான்லி தொழில் முடிவுற்றது.

நின்ற நிலையிலேயே முழு முறுக்கு விசை தரும் குணம் மின்சார மோட்டாருக்கும் உண்டு. இக்காலத்து மின்சார வண்டிகளிற் பெரும்பாலானவை ஒரே கியரோடு ஓடுவதற்குக் காரணம் அதுவே. இதனை நூறாண்டுக்கு முன்னரே பயன்படுத்த முயன்ற வண்டி ஓவன் மாக்னெடிக் என்பது. ஜஸ்டஸ் என்ட்ஸ் என்னும் பொறியாளரின் கருத்தைக்கொண்டு 1915 முதல் 1921 வரை செய்யப்பட்ட அவ்வண்டியில் பெட்ரோல் எஞ்சின் உண்டு. ஆயின் எஞ்சினுக்கும் சக்கரங்களுக்கும் இடையே இரும்பாலாகிய தொடர்பு யாதொன்றும் இல்லை. எஞ்சின் ஒரு காந்தப் புலத்தைச் சுழற்றும். அதனுள் இருக்கும் கம்பிச் சுருளையுடைய தண்டு காந்த ஈர்ப்பினால் இழுபட்டுத் தானும் சுழலும். இரண்டின் வேகமும் வேறுபடும்பொழுது மின்சாரம் பிறக்கும். அம்மின்சாரத்தைத் தண்டின் மீதுள்ள மற்றொரு மோட்டாருக்குச் செலுத்தி இழுவையைப் பெருக்கினர். வண்டியோட்டி செய்யவேண்டியது ஸ்டீரிங் சக்கரத்தின்மேலிருந்த ஒரு சிறு கோலை நகர்த்துவதொன்றே. ஆயிரம் வேகங்களையுடைய வண்டி என்று விளம்பரம் செய்தனர். புகழ்பெற்ற இத்தாலியப் பாடகர் என்ரிகோ கரூஸோ இவ்வண்டி வைத்திருந்தவருள் ஒருவர். அவரைப் போன்றாரே வாங்கக்கூடிய விலை என்பதையும் அதனாலேயே ஊகிக்கலாம். செம்புக் கம்பியின் எடையும் விலையும் அதனை மேற்செல்லவொட்டாமல் தடுத்தன.

பெட்ரோல் எஞ்சினையே நீராவி போல மென்மையாக்கிவிடலாம் என்று எண்ணினவர்கள் ஸிலிண்டர்களைப் பெருக்கினர். 1930-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் காடிலாக் நிறுவனம் பதினாறு ஸிலிண்டர் எஞ்சினொன்றை வெளியிட்டது. வரிசைக்கு எட்டாக இரு வரிசைகள், 45 பாகைக் கோணத்தில் ஆங்கில வி எழுத்தின் வடிவாய் நின்றன. மொத்தக் கொள்ளளவு 452 கன அங்குலம். நான்கு வீச்சு எஞ்சினில் தண்டு இருமுறை சுழல்வதற்குள் ஒவ்வொரு ஸிலிண்டரும் ஒருமுறை வெடிக்கும். ஆகவே பதினாறு ஸிலிண்டர்களில் 45 பாகைக்கு ஒரு வெடிப்பு நிகழும். ஒரு வெடிப்பின் உந்துதல் ஓயுமுன் அடுத்தது வந்துவிடும். மனிதன் நடக்கும் வேகத்திலிருந்தே மேற்கியரில் வண்டி குலுங்காது ஏறிச்சென்றது. பொருளாதார வீழ்ச்சி தொடங்கிச் சில மாதங்களே ஆன காலத்தில் இத்துணை ஆடம்பரம் வெளிவந்தது காலத்தின் விளையாட்டு என்றே சொல்லவேண்டும். 1940 வரையிலும் ஏறத்தாழ நாலாயிரம் வண்டிகளே விற்பனையாயின. அவற்றிலும் பெரும்பகுதி முதலிரண்டு ஆண்டுகளிற் சென்றவை. கியரை மாற்றவேண்டிய தடவைகள் குறைந்தன என்பது மெய். ஆனால் நின்ற வண்டியைக் கிளப்பக் கிளச்சும் கீழ்க் கியரும் வேண்டியே இருந்தன. பிறவிக் குறை ஸிலிண்டர்களைக் கூட்டுவதால் தீர்வதன்று.

இனி இரண்டாம் வழிக்கு வருவோம். அதன் மூலம் அமெரிக்காவிலன்று, ஜெர்மனியில் உள்ளது. கப்பலில் நீராவி டர்பைன் மிக விரைவாகச் சுழலும். நீரைத் தள்ளும் விசிறியோ மெல்லச் சுழன்றாற்றான் பயன். இவ்விரண்டையும் பொருத்தும் பொருட்டு ஹெர்மன் ஃபாட்டிங்கர் என்னும் பொறியாளர் 1905-ஆம் ஆண்டில் ஒரு கருவிக்குக் காப்புரிமை பெற்றார். இடையில் வேலை செய்வது திரவமே.

உளுந்து வடை ஒன்றைக் கிடையாக இரண்டாக அறுத்து, ஒவ்வொரு பாதியின் உள்ளீட்டையும் குடைந்தெடுத்து, உள்ளே நடுவிலிருந்து விளிம்பு நோக்கிச் சிறு தகடுகளை வரிசையாக நட்டு, இரு பாதிகளையும் சிறிது இடைவெளி விட்டு எதிரெதிரே வைத்ததாகக் கொள்க. முழுவதும் எண்ணெய் நிறைந்த ஒரு மூடிய கூட்டினுள் இவை இருக்கின்றன. ஒரு பாதி எஞ்சினோடும் மற்றது சக்கரங்களை நோக்கிச் செல்லும் தண்டோடும் இணைந்தவை. எஞ்சின் தன் பாதியைச் சுழற்ற, தயிர் கடையும் மத்து மோரைச் சுற்றியெறிவது போல எண்ணெய் விளிம்பு நோக்கி வீசப்பட்டு, எதிர்ப்பாதியின் தகடுகளில் மோதி அதனையும் சுழற்றும். எஞ்சின் மெல்லச் சுழலும்பொழுது மோதல் மிகச் சிறிது. ஆகவே வண்டி நிற்கும், எஞ்சினும் அணையாது. பெட்ரோல் மிதியை அழுத்த அழுத்த மோதல் வலுத்து வண்டி தானே நகரும். உராய்ந்து தேயும் பொருள் இங்கு இல்லை.

இத்திரவ இணைப்பு விசையைக் கடத்துமேயன்றிப் பெருக்காது. இரு பாதிகளுக்கும் இடையே, திரும்பி வரும் எண்ணெயின் போக்கை மாற்றி நன்முறையில் மீண்டும் முதற்பாதிக்கு அனுப்பும் மூன்றாவதொரு தகட்டுச் சக்கரத்தை வைத்தால், முறுக்கு விசை இருமடங்காகவும் அதற்கு மேலும் பெருகும். இதனை முறுக்கு மாற்றி என்போம். இரண்டுக்கும் உள்ள வேற்றுமையை மாணாக்கர் மறவாதிருத்தல் வேண்டும். கீழே வருவன யாவும் அதனைப் பற்றியே நிற்பன. இரண்டிலும் ஒரு குற்றம் பொது: திரவம் எப்பொழுதும் சிறிது வழுக்கும், வழுக்கிய அளவு ஆற்றல் சூடாகி வீணாகும்.

கிரைஸ்லர் நிறுவனம் 1939-ஆம் ஆண்டில் திரவ இணைப்பைத் தன் உயர்ந்த வண்டிகளில் வைத்தது. விந்தை யாதெனின், பழைய கிளச்சையும் கியர்ப் பெட்டியையும் நீக்காமல் அவற்றிற்கு முன்னே இதனைச் சேர்த்ததுதான். கிளச்சு மிதி இருந்தது. ஆனால் மேற்கியரிலேயே வண்டியை நிறுத்திக் கிளச்சைத் தொடாமல் மீண்டும் புறப்படலாம். 1941-இல் இதனோடு பாதி தானியங்கும் கியர்ப் பெட்டியொன்று சேர்ந்தது. வண்டியோட்டி சிறிது வேகம் வந்ததும் பெட்ரோல் மிதியிலிருந்து காலை எடுப்பார். உள்ளே ஒரு தட்டு விழும் ஓசை கேட்கும். அடுத்த கியர் விழுந்தது என்று பொருள். கட்டளையிடுபவர் மனிதர், செய்வது இயந்திரம். முதலாளியின் இருமலைக் கேட்டு வேலைக்காரன் காப்பி கொண்டுவருவது போன்ற ஏற்பாடு! மெதுவானதுதான், எனினும் எளிதிற் கெடாதது. 1950-க்குப் பின்னரும் சில ஆண்டுகள் கிரைஸ்லர் வண்டிகள் இம்முறையிலேயே ஓடின.

முற்றிலும் தானே கியர் மாற்றி, பெருந்தொகையில் விற்பனையான முதல் அமைப்பு ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஹைட்ரா-மாட்டிக் ஆகும். 1939-ஆம் ஆண்டின் இறுதியில், 1940-ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபில் வண்டியில் இது வந்தது. கூடுதல் விலை 57 டாலர். இதன் பின்னே நின்றவர் ஸிங்க்ரோமெஷ் கண்ட அதே தாம்ஸன். கிளச்சு மிதி இவ்வண்டியில் இல்லவே இல்லை. நான்கு முன்னோட்டக் கியர்கள், ஒரு திரவ இணைப்பு, கோள்முறைத் தொகுதிகள் ஆகியவற்றைக் கொண்டது இவ்வமைப்பு.

வண்டியோட்டியின் காதும் அறிவும் செய்துவந்ததை இது எவ்வாறு செய்தது? மின்னணுக் கருவிகள் இல்லாத காலம். எண்ணெயே எண்ணிப் பார்க்கவேண்டியிருந்தது. சுழலும் தண்டோடு இணைந்த ஒரு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, வண்டி விரைய விரைய எண்ணெயின் அழுத்தத்தைக் கூட்டும். பெட்ரோல் மிதியோடு இணைந்த மற்றொரு வால்வு, மிதியை அழுத்த அழுத்த எதிர்த்திசையில் அழுத்தத்தைக் கூட்டும். இவ்விரு அழுத்தங்களுக்கும் நடுவே தராசு முள் போல ஒரு வால்வு நிற்கும். வேகத்தின் பக்கம் தாழ்ந்தால் முள் சாயும். சாய்ந்ததும் எண்ணெய் வேறு வழியிற் பாய்ந்து பட்டைகளை இறுக்கியும் தளர்த்தியும் அடுத்த கியரைச் சேர்க்கும். மேட்டில் ஏறுகையில் மிதி அதிகம் அழுந்தியிருப்பதால் மேற்கியர் தாமதித்து வரும். சமநிலத்தில் மெல்லச் செல்கையில் விரைந்து வரும். அனுபவமுள்ள வண்டியோட்டி செய்வதும் இதுவே. பின்னர் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் தானியங்கிக் கியர்ப் பெட்டிகள் யாவும் இத்தராசையே தம் மூளையாகக் கொண்டன.

குறைகளும் இருந்தன. இரண்டாம் கியரிலிருந்து மூன்றாவதற்குச் செல்லும்பொழுது முன்தொகுதி ஒரு நிலையிலிருந்து இறங்க, அதே கணத்தில் பின்தொகுதி ஒரு நிலை ஏறவேண்டும். இமைப்பொழுது முன்பின்னானால் பயணிகளின் தலை ஆடும். நிறுத்திய வண்டியைப் பூட்டிவைக்கத் தனி நிலையும் முதலில் இல்லை; எஞ்சினை அணைத்துப் பின்னோட்டக் கியரில் விட்டால் அதுவே பூட்டாக நின்றது.

1942-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்காவில் பொதுமக்களுக்கான வண்டி உற்பத்தி நிறுத்தப்பட்டது. ஹைட்ரா-மாட்டிக் போருக்குச் சென்றது. எம்-5 என்னும் இலேசான டாங்கியில் இரண்டு காடிலாக் எட்டு ஸிலிண்டர் எஞ்சின்களும் அவற்றோடு இரண்டு ஹைட்ரா-மாட்டிக் பெட்டிகளும் வைக்கப்பட்டன. பின்னர் வந்த எம்-24 டாங்கியிலும் அவ்வாறே. கியர் மாற்றும் கவலையின்றி ஓட்டும் டாங்கியின் பயனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

போர் முடிந்தபின் அதன் பயன் வேறொரு வகையில் வெளிப்பட்டது. போரில் காலிழந்து திரும்பியவர் பல்லாயிரவர். இடக்கால் இல்லாதவர் கிளச்சை எங்ஙனம் மிதிப்பார்? 1946-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அமெரிக்கப் பேரவை, காலிழந்த போர்வீரருக்கு வண்டி வாங்க 1,600 டாலர் வரை அளிக்கும் சட்டத்தை இயற்றியது. கிளச்சு மிதி இல்லாத வண்டி அவர்களுக்குச் சோம்பேறியின் சொகுசன்று. வேலைக்கும் வீட்டிற்கும் பிறர் துணையின்றிச் சென்றுவரும் வழி. தானியங்கிக் கியர் மாற்றத்தை வண்டியோட்டத் தெரியாதாருக்கு உரியதென்று இகழ்வோர் இன்றும் உளர். அவர்கள் இச்செய்தியை அறிந்திருத்தல் நன்று.

போட்டியாளரும் இதனை விலைக்கு வாங்கிப் பொருத்தினர். நாஷ், ஹட்ஸன் வண்டிகளிலும், 1949 முதல் ஃபோர்டு குடும்பத்தைச் சேர்ந்த லிங்கன் வண்டியிலும், 1952 முதல் இங்கிலாந்தின் ரோல்ஸ்-ராய்ஸ் வண்டியிலும் இது இடம்பெற்றது. இத்துணையும் ஒரே தொழிற்சாலையை நம்பியிருந்தமையின் அபாயம் 1953-ஆம் ஆண்டு ஆகஸ்டு 12-ஆம் நாள் விளங்கிற்று. மிஷிகன் மாகாணத்து லிவோனியா நகரிலிருந்த ஹைட்ரா-மாட்டிக் தொழிற்சாலையில் பற்றவைப்புக் கருவியின் தீப்பொறி எளிதிற் பற்றும் திரவத்தில் விழுந்து கட்டிடம் முழுவதும் எரிந்தது. உயிர்ச்சேதமும் நேர்ந்தது. போரில் குண்டுவீச்சு விமானங்கள் செய்யப்பட்ட வில்லோ ரன் என்னுமிடத்துக்குத் தொழில் மாற்றப்பட்டு ஒழுங்குபடும் வரையில், ஓல்ட்ஸ்மொபில் வண்டிகளுக்கும் காடிலாக் வண்டிகளுக்கும் சகோதர நிறுவனமாகிய பியூக்கின் டைனாஃப்ளோ என்னும் பெட்டியைப் பொருத்தி அனுப்பினர்.

டைனாஃப்ளோ முற்றிலும் வேறொரு கொள்கையது. 1948-ஆம் ஆண்டு மாடல் பியூக் ரோட்மாஸ்டர் வண்டியில் வந்த இதில் கியர் மாறுவதே இல்லை. முறுக்கு மாற்றியே நின்ற நிலை முதல் உச்ச வேகம் வரை முழு வேலையையும் செய்தது. செங்குத்தான மேட்டிற்கென ஒரு கீழ்க் கியர் இருந்தது; அதனை வண்டியோட்டியே கையால் சேர்க்கவேண்டும். ஏரியில் ஓடம் செல்வது போலச் சிறு குலுக்கமும் இன்றி வண்டி சென்றது. ஓடம் போலவே அவசரமும் இன்றிச் சென்றது! எஞ்சின் உறுமும், வண்டி சிறிது யோசித்தே நகரும், பெட்ரோல் செலவோ சொல்லவேண்டா. சேறுகலந்த பனியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைக் கூட்டி டைனாஸ்லஷ் என்று ஏளனம் செய்தனர். பியூக் பொறியாளர் கொள்கையை விடாமல் திருத்திக்கொண்டே சென்றனர். 1953-இல் டர்பைன் சக்கரம் இரண்டாயிற்று. 1955-இல் நடுச் சக்கரத்தின் தகடுகள் விமானத்தின் விசிறி போலக் கோணம் மாறுவனவாயின. 1958-இல் டர்பைன்கள் மூன்றாயின. ஷெவர்லே நிறுவனமும் 1957-இல் டர்போக்ளைட் என்னும் மூன்று டர்பைன் பெட்டியைச் செய்து, பழுதுகள் மிகுந்தமையால் 1961-இல் கைவிட்டது. ஒரு கொள்கை அழகாக இருப்பதனாலேயே அதனை விட மனம் வராமை பொறியாளருக்குள்ள நோய்களுள் ஒன்று போலும்.

இவற்றுள் எமக்கு மிகவும் விவேகமுடையதாகத் தோன்றுவது பாக்கார்டு நிறுவனம் 1949-இல் வெளியிட்ட அல்ட்ராமாட்டிக். பெரிய மூன்று நிறுவனங்களின் துணையின்றித் தனித்து நின்ற பாக்கார்டு தன் செலவிலேயே இதனைச் சமைத்தது. அதிலும் முறுக்கு மாற்றி உண்டு; புறப்படுகையில் அது வேலை செய்யும். ஆனால் வண்டி வேகம் பிடித்தபின் உள்ளேயிருக்கும் ஒரு கிளச்சு எஞ்சினையும் தண்டையும் நேரே பூட்டிவிடும். எண்ணெய்க்கு வேலை முடிந்தது. வழுக்கலும் இல்லை, வீண் சூடும் இல்லை. பெட்ரோல் மலிந்த அக்காலத்தில் இதன் அருமையை மதித்தார் சிலரே. ஆராய்ச்சிச் செலவு சிறிய நிறுவனத்துக்குப் பெருஞ்சுமையாயிற்று. 1958-ஆம் ஆண்டோடு பாக்கார்டு என்னும் பெயரே வண்டிகளிலிருந்து மறைந்தது. 1973-ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின்னர், 1978-ஆம் ஆண்டு மாடல் கிரைஸ்லர் வண்டிகளிலும், தொடர்ந்து ஏனையோர் வண்டிகளிலும் இப்பூட்டுக் கிளச்சு மீண்டும் தோன்றிற்று. முறுக்கு மாற்றியையுடைய இக்காலத்து வண்டிகளில் அது இல்லாதது அரிது.

திரவத்தின்மேல் அளவுகடந்த நம்பிக்கை வைத்தவர் பிரெஸ்டன் டக்கர். 1947-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் சிகாகோ நகரில் அவர் காட்டிய வண்டியில் 589 கன அங்குலக் கொள்ளளவுள்ள எஞ்சின் பின்புறத்தே குறுக்காக வைக்கப்பட்டிருந்தது. அதன் தண்டின் இருமுனைகளிலும் ஒவ்வொரு முறுக்கு மாற்றி. ஒவ்வொன்றும் ஒரு பின்சக்கரத்தை நேரே சுழற்றும். கியர்ப் பெட்டியே இல்லை. எண்ணிப் பார்க்க எத்துணை எளிமை! ஆயின் எஞ்சின் ஒரே திசையிற் சுழல்வது. திசையைத் திருப்பப் பற்சக்கரமும் இல்லை. ஆதலின் அவ்வண்டி பின்னோக்கிச் செல்லமாட்டாது. பகைவர் சிரித்தனர். டக்கர் அவ்வெஞ்சினைக் கைவிட்டு, ஹெலிகாப்டருக்கென்று செய்யப்பட்ட ஆறு ஸிலிண்டர் ஃப்ராங்க்ளின் எஞ்சினை வாங்கி, காற்றால் குளிர்வதை நீரால் குளிர்வதாக மாற்றிப் பொருத்தினார். கியர்ப் பெட்டிக்கு, பத்தாண்டுக்கு முன் நின்றுபோன கார்டு வண்டிகளின் பழைய பெட்டிகளைத் தேடிப்பிடித்துப் புதுக்கினர். இதனிடையே, டைனாஃப்ளோ உருவாக்கத்தில் பங்குகொண்ட வாரன் ரைஸ் என்பவர் டக்கருக்காக மிகச் சில உறுப்புக்களே கொண்ட டக்கர்மாட்டிக் என்னும் தானியங்கிப் பெட்டியை வகுத்தார். காலம் போதவில்லை. முதல் மாதிரியைச் சேர்த்து 51 வண்டிகளோடு தொழில் நின்றது. பங்கு விற்பனையில் வஞ்சித்தார் என்னும் வழக்கில் 1950 ஜனவரியில் டக்கர் குற்றமற்றவர் என விடுதலை பெற்றார். தொழிற்சாலையோ அதற்குள் கைவிட்டுப் போயிருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் பிற்பகுதியில் கியர் தேர்வைப் பொத்தான்களால் செய்யும் நாகரிகம் பரவியது. கிரைஸ்லர் வண்டிகளில் 1956 முதல் 1964 வரை இடப்புறத்தே பொத்தான்கள் இருந்தன. 1958-இன் எட்ஸெல் வண்டியிலோ அவை ஸ்டீரிங் சக்கரத்தின் நடுவிலேயே இருந்தன. அவ்விடத்தில் ஊதுகுழல் இருக்குமென்று கைபழகியவர் நிலையை எண்ணிக்கொள்க. அது ஓராண்டோடு ஒழிந்தது.

1961-ஆம் ஆண்டு மாடல் பான்டியாக் டெம்பெஸ்ட் வண்டி ஒரு வேடிக்கையான கலவை. எட்டு ஸிலிண்டர் எஞ்சினொன்றின் ஒரு பக்கத்தை விட்டுவிட்டு மறுபக்கத்து நான்கு ஸிலிண்டர்களையே தனி எஞ்சினாக்கினர். சாய்ந்தே நிற்கும் அது. செலவு குறைந்தது, நடுக்கம் கூடிற்று. எடையைச் சமமாக்கக் கியர்ப் பெட்டியைப் பின்னச்சோடு சேர்த்து வைத்தனர். முறுக்கு மாற்றியோ அதற்கும் பின்னால் வண்டியின் வாலிற் போய் நின்றது. எஞ்சினையும் இவற்றையும் இணைத்தது ஓர் அங்குலத்துக்கும் குறைந்த குறுக்களவுள்ள நீண்ட எஃகுத் தண்டு. அதனை வில் போலச் சிறிது கீழே வளைத்தே வைத்திருந்தனர். வளைந்தபடியே அது சுழன்றது. நடுக்கத்தை அவ்வளைவு உட்கொண்டது. வண்டியின் தரையிலிருந்த மேடும் தாழ்ந்தது. கயிற்றுத் தண்டு என்றே மக்கள் அதனை அழைத்தனர். 1963-க்குப் பின் அது வரவில்லை.

மறுபுறம், 1962-இல் ஓல்ட்ஸ்மொபில் நிறுவனம் ஜெட்ஃபயர் என்னும் வண்டியில், போகும் புகையின் விசையாலே காற்றை எஞ்சினுள் அடைக்கும் கருவியைப் பொருத்தி, 215 கன அங்குல அலுமினிய எஞ்சினிலிருந்து 215 குதிரைச் சக்தி பெற்றது. எஞ்சின் தட்டாதிருக்க நீரும் மெதனாலும் கலந்த திரவம் ஒன்றைத் தனிக் கலத்தில் நிரப்பிவரவேண்டும். கியர் மாற்றும் தொல்லையிலிருந்து விடுபட்ட மக்கள் இப்புதுத் தொல்லையை ஏற்பாரா? கலம் வறண்டே கிடந்தது. பல வண்டிகளிலிருந்து அக்கருவி பின்னர் கழற்றப்பட்டது.

முதல் வழியும் இரண்டாம் வழியும் ஒன்றாய்க் கூடிய இடம் கிரைஸ்லர் நிறுவனத்தின் டர்பைன் வண்டி. ஜார்ஜ் ஹ்யூப்னர் என்னும் பொறியாளர் தலைமையில் பல்லாண்டு உழைத்துச் செய்த எஞ்சின் அது. மேற்கூடுகள் இத்தாலியின் டூரின் நகரிலிருந்த கியா நிறுவனத்தில் செய்யப்பட்டன. மாதிரிகள் ஐந்தும், மக்களிடம் தருவதற்கு ஐம்பதுமாக 55 வண்டிகள் உருவாயின. 1963 முதல் 1966 வரை 203 பேருக்கு, ஒருவருக்கு மூன்று மாதமாக, இவற்றை ஓட்டிப்பார்க்கத் தந்தனர். பெட்ரோல் செலவு மட்டும் அவர்களுடையது.

அவ்வெஞ்சினில் பிஸ்டன் இல்லை. காற்றை அழுத்தி, அதில் எரிபொருளை எரித்து, வெளிப்படும் சூடான வாயுவால் ஒரு சக்கரத்தைச் சுழற்றுவர். அச்சக்கரம் காற்றை அழுத்தும் வேலையையே செய்யும். அதைத் தாண்டிய வாயு இரண்டாவது சக்கரத்தில் மோதும். வண்டியை ஓட்டுவது இந்த இரண்டாவது சக்கரம். இரண்டுக்குமிடையே தண்டு இல்லை, பற்சக்கரம் இல்லை. வாயு ஒன்றே உண்டு. வண்டி நிற்கும்பொழுது இரண்டாம் சக்கரம் அசையாது நிற்க, முதற்சக்கரம் நிமிஷத்துக்கு ஏறக்குறைய இருபதினாயிரம் முறை சுழன்றுகொண்டேயிருக்கும். வாசகர் இதற்குள் அடையாளம் கண்டிருப்பர்: எதிரெதிர் நிற்கும் இரு தகட்டுச் சக்கரங்கள், நடுவே பாயும் பொருள். எண்ணெய்க்குப் பதிலாக வாயு, அவ்வளவே. எஞ்சினே முறுக்கு மாற்றியாகவும் ஆகிவிட்டது. ஆகையால் அவ்வண்டிக்குத் தம் வழக்கமான டார்க்ஃப்ளைட் தானியங்கிப் பெட்டியை வைத்த பொறியாளர், அதிலிருந்த முறுக்கு மாற்றியை எடுத்தெறிந்துவிட்டனர். 130 குதிரைச் சக்தியே உடைய எஞ்சின் நின்ற நிலையில் 425 அடி-ராத்தல் முறுக்கு விசை தந்தது. காளையின் குணம் ஒருவாறு கைவந்தது.

மண்ணெண்ணெய், டீஸல், தாவர எண்ணெய் என எரிவதெல்லாம் அதற்கு உணவு. மெக்ஸிகோவில் அந்நாட்டுத் தலைவர் விருப்பத்தின்படி டெகீலா என்னும் மதுவை ஊற்றியும் ஓட்டினர். ஆகாதது ஒன்றே: ஈயம் கலந்த பெட்ரோல். அக்காலத்தில் ஊர்தோறும் எளிதிற் கிடைத்தது அதுதான்! மிதியை அழுத்தியபின் வண்டி கிளம்ப ஒரு விநாடிக்கு மேலும் ஆயிற்று; எரிபொருளும் மிகுதியாகச் செலவாயிற்று; உறுப்புக்களுக்கு வேண்டிய, சூடு தாங்கும் உலோகங்கள் விலை மிக்கவை. ஓட்டிப்பார்த்த குடும்பங்கள் மொத்தம் பத்து லட்சம் மைலுக்கு மேல் ஓட்டியபின் வண்டிகள் திரும்பப் பெறப்பட்டன.

அவற்றுள் 46 வண்டிகளை நிறுவனமே அழித்தது. இறக்குமதியான கூடுகளுக்குச் சுங்கவரி செலுத்தவேண்டியிருந்தமை ஒரு காரணம் என்பர். எஞ்சிய ஒன்பதும் காட்சிசாலைகளிலும் சேகரிப்போரிடமும் உள்ளன. அவற்றுள் சில இன்னும் ஓடுகின்றன.